அவுட்பாஸும் ஒரு அமெரிக்கக் கதாநாயகியும்

விடுதி வார்டன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கம்பெனியில் ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவுவது, ஊருக்குப் போகும் பெண்ணுக்கு அவுட்பாஸ் எப்படி எழுதுவது, மெஸ் சாம்பாரில் புழு கிடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது, எல்லாம் அதில் இருக்கும். நல்ல கையேடுதான். பாதியை நானே எழுதினேன். ஒரு விஷயத்தை மட்டும் அதில் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த விஷயத்தில் முட்டாள் நான் என்பதால் அப்போது எழுதக் கை வரவில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று, இனி யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

நான் படித்தது எம்.ஏ. ஆங்கில இலக்கியம். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தேன். கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன் என்றுதான் வந்தேன்; கடைசியில் மின்சாதனப் பாகங்கள் பூட்டும் ஒரு கம்பெனியின் பெண்கள் விடுதிக்கு வார்டனாக ஆனேன். தர்மபுரி, ஊத்தங்கரை, கல்லாவி, பர்கூர் என்று பல ஊர்ப் பெண்கள். மூன்று ஷிஃப்ட். எந்த நேரத்தில் போனாலும் ஒரு கூட்டம் தூங்கிக்கொண்டிருக்கும், ஒரு கூட்டம் துணி துவைத்துக்கொண்டிருக்கும், ஒரு கூட்டம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல மழை. கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. டைனிங் ஹாலில் நாற்பது பெண்கள் கையில் செத்துப்போன போனை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஏதாவது சொல்லுங்க மேடம், போரடிக்குது" என்றாள் ஒருத்தி.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு சரக்குதான். எம்.ஏ.வில் நான் ஆசையாய்ப் படித்த பழைய அமெரிக்க நாவல்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதைகள், பெண்கள் எழுதியவை, பெண்கள் வாங்கிப் படித்தவை. வாராவாரம் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து சக்கைப்போடு போட்டவை. எங்கள் பேராசிரியர்களுக்கு அவற்றைக் கண்டால் இளக்காரம். "அழுமூஞ்சிக் கதை" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். ஆனால் அந்தக் கதாநாயகிகள் சும்மா உட்கார்ந்து அழுகிறவர்கள் இல்லை. குதிரை ஏறுவார்கள், ஆண் வேஷம் போட்டு ஊர் தாண்டுவார்கள், சொத்துக்காக அடைத்துவைத்த இன்னொரு பெண்ணைச் சுவரேறிக் காப்பாற்றுவார்கள். அந்த நாவல்களை விரும்பிப் படித்தவர்களில் மில்லில் வேலை பார்த்து விடுதியில் தங்கியிருந்த பெண்களும் உண்டு. இது நினைவுக்கு வந்ததும் எனக்கே சிரிப்பாக இருந்தது. கதை சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

பெங்களூர் நடைபாதையில் ஒருகாலத்தில் வாங்கிய, அட்டை போன ஒரு நாவலை எடுத்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மலைப்பாதையில் தபால் வண்டி ஓட்டுகிறவருடைய மகள். அப்பா காலொடிந்து படுத்ததும், அவருடைய கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு நான்கு குதிரை பூட்டிய அந்த வண்டியை அவளே பனியில் ஓட்டுகிறாள். அவளை எப்படியாவது வீட்டில் பூட்டிவைத்து, அப்பாவின் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றப் பார்க்கிற ஒருவர்; அப்பா படுத்ததும் காப்பாளர் என்று வந்து புகுந்தவர். அவளுடைய ஆங்கிலப் பெயர் எங்கள் பெண்கள் வாயில் நுழையவில்லை. முதல் நாளே அவளுக்குத் "தபாலக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மழை இல்லை, கரண்டும் இருந்தது. ஆனாலும் வந்து உட்கார்ந்தார்கள். "தபாலக்கா பாலத்தத் தாண்டிச்சா இல்லியா மேடம்?"

ஷிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மற்றவர்கள் கம்பெனி பஸ்ஸில் கதை சொன்னார்கள். சொல்லும்போது சேர்த்தும் சொன்னார்கள். பி ஷிஃப்ட் கதையில் முன்னால் போகிற குதிரைக்கு ராஜா என்று பெயர் வந்துவிட்டது. சி ஷிஃப்டில் தபாலக்காவுக்கு ஒரு தங்கச்சி முளைத்தாள். ஏ ஷிஃப்டில் காப்பாளருக்கு எங்கள் சூப்பர்வைசரின் மீசை. நான் திருத்தப் பார்த்தேன். "அது உங்க புக்குல மேடம், இது எங்க பஸ்ஸுல" என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படி ஏறக்குறைய நாற்பது ஞாயிறு ஓடியது. அப்போதுதான் நிர்மலாவின் சித்தப்பா வந்தார்.

நிர்மலா கல்லாவிக்காரி. இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை, அம்மா மாதம்மா மட்டும்தான். வேலையில் கெட்டிக்காரி, அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு லைன் லீடர் பதவிக்குத் தேர்வு இருந்தது. அன்று புதன்கிழமை, அவளுக்கு வார விடுமுறை. அவளுடைய போன் டிஸ்ப்ளே உடைந்து பஜாரில் ரிப்பேருக்குக் கிடந்தது.

மதியம் இரண்டு மணிக்கு வெள்ளை வேட்டியில் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நான் நிர்மலாவுக்குச் சித்தப்பாங்க மேடம். அண்ணி ரொம்ப சீரியஸா கெடக்குது. ஆஸ்பத்திரில சேத்துக்கிறோம். பொண்ண ஒரு தபா பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்குது."

நிர்மலா அழுதுகொண்டே பையை எடுக்க ஓடினாள். நான் அவ்வளவு சீக்கிரம் ஏமாறுகிறவள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லி, பதிவேட்டைப் பிரித்து, அவள் பெயருக்கு நேரே இருந்த பாதுகாவலர் எண்ணுக்கு டயல் செய்தேன். அவருடைய சட்டைப் பையிலேயே மணி அடித்தது.

அவர் போனை எடுத்துக் காட்டினார். "நம்ம நம்பருதாங்க. சேக்கறப்போ நான்தான் குடுத்தேன்."

எனக்குத் திருப்தியாகிவிட்டது. ஆள் சரியான ஆள்தான், நம்பர் ஒத்துப்போகிறது. அவுட்பாஸில் கையெழுத்துப் போட்டேன். போதாததற்கு, "பத்திரமாகப் போய்ட்டு வா" என்று நிர்மலாவின் தலையையும் தடவிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் சரிபார்த்தது ஆளை. சரிபார்க்க வேண்டியது அவர் சொன்ன சேதியை. இரண்டும் ஒன்றென்று நினைத்ததுதான் என் தப்பு. இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஒரு மாதத்துக்கு முன்பு தபாலக்காவுக்கும் இதேதான் நடந்தது. வெளியூரில் தங்கியிருந்தவளுக்கு, அப்பா சாகக் கிடக்கிறார் என்று ஒரு பொய்க் கடிதம், வாசலில் ஒரு மூடுவண்டி. அவள் நம்பி ஏறுகிறாள். "லூசாடி நீ! யாருகிட்டயாச்சும் கேட்டுட்டு ஏறுடி!" என்று ஹால் முழுக்கக் கத்தினார்கள். அந்தக் கடிதத்தைக் கையை ஆட்டி ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டியவள் நான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு ஏ ஷிஃப்ட் பஸ் வந்தது. நிர்மலாவின் அறைத்தோழி ரோஸ்லின் பர்கூர் பக்கத்துப் பெண். யாராவது அதட்டினால் அழுதுவிடுவாள், அவ்வளவு பயந்த சுபாவம். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நின்றாள்.

"சீரியஸா? மேடம், நேத்து சாயங்காலம் அவங்கம்மா என் போனுக்குப் பேசினாங்களே!"

"என்ன பேசினாங்க?"

ரோஸ்லின் தயங்கினாள். "தபாலக்கா ஆத்துல எறங்கிடுச்சே, அப்புறம் என்னாச்சுன்னு கேட்டாங்க. நிர்மலா வாராவாரம் அவங்களுக்குப் போன்ல கதை சொல்லுவா மேடம். அவ போன் ரிப்பேருக்குப் போனதால இந்த வாரம் என்னைச் சொல்லச் சொன்னாங்க. முக்கால் மணி நேரம் சொன்னேன். நடுவுல ரெண்டு தடவ சிரிச்சாங்க."

சாகக் கிடக்கிறவள் தொடர்கதை பாக்கி கேட்பாளா? ரோஸ்லினின் போனிலிருந்தே மாதம்மாவைக் கூப்பிட்டோம். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எனக்கு இன்னாங்க கொறச்சலு? குந்திக்கினு கடலக்கா உரிச்சிக்கினு இருக்கேன்" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். மாதம்மா மெதுவாகச் சொன்னார். "கொழுந்தனாரு சம்சாரத்தோட தம்பிக்கு இவளக் கேட்டாங்க. புள்ளயக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன். காலைல எங்கியோ கிளம்பினாரு. மேடம், அவ வூட்டுக்கு வந்து எறங்கிட்டா நாலு பேரு முன்னால எங்க ரெண்டு பேரால எதுவும் பேச முடியாதுங்க. எம்புள்ளய எப்டியாச்சும் நிறுத்துங்க."

எச்.ஆர். அதிகாரிக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருந்தார், எடுக்கவில்லை. கம்பெனி பஸ் அடுத்த டிரிப் போய்விட்டது. அவர்கள் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது. கல்லாவிக்குப் போகக் கிருஷ்ணகிரியில் இறங்கி ஊத்தங்கரை பஸ்ஸுக்காக எப்படியும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பிடித்தால்தான் உண்டு. என்னிடம் இருந்தது என் ஸ்கூட்டி.

அந்த ஸ்கூட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. விடுதியிலிருந்து காய்கறி மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து விடுதி. அதற்கு மேல் அது உலகம் கண்டதில்லை. நெடுஞ்சாலை மேம்பாலத்தைக் கண்டாலே நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். பனிமலையில் நாலு குதிரை வண்டி ஓட்டுகிறவளின் கதையைச் சொன்ன லட்சணம் இது.

கிளம்புமுன் ஒரு காரியம் மட்டும் சரியாகச் செய்தேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி முனியப்பா அண்ணனிடம் நடந்ததை முழுக்கச் சொல்லி, "நாலரை மணிக்குள் என்னிடமிருந்து போன் வரவில்லையென்றால் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுங்கள், எச்.ஆருக்காகக் காத்திருக்காதீர்கள்" என்று சொன்னேன். அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, "ஜாக்கிரதைம்மா, லாரிக்காரன் ஹாரன் அடிச்சா பயந்து வளைக்காதீங்க" என்றார். நீங்களும் எங்கே போனாலும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போவது தைரியம் இல்லை, அது வேறு.

ரோஸ்லின் பின்னால் ஏறிக்கொண்டாள். ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்தாள்; மறு கையில் ஏனோ பதிவேட்டையும் எடுத்து வந்திருந்தாள்.

சிப்காட் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் முதல் கண்டெய்னர் லாரி எங்களைக் கடந்தது. அந்தக் காற்றில் வண்டி ஒரு அடி நகர்ந்து போனது. "மாதாவே" என்றாள் ரோஸ்லின். நான் முப்பதைத் தாண்டவில்லை. கறிக்கோழி ஏற்றிய டெம்போ ஒன்று எங்களை முந்தியது. கூண்டிலிருந்த கோழிகள் திரும்பிப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அது என் மானத்தைத் தொட்டுவிட்டது. நாற்பதுக்கு ஏற்றினேன். எதிர்ச்சாரியில் பர்கூர் பக்கமிருந்து கிரானைட் பாளம் ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு கல்லும் ஒரு வீடு அளவுக்கு இருந்தது.

சூளகிரி வந்ததும் ஓரத்தில் நிறுத்திவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

"மேடம், நான் வேணா ஓட்டட்டா?" என்றாள் ரோஸ்லின்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மறுபடி கிளம்பினேன். அதன்பின் ஐம்பது.

டோல்கேட்டைத் தாண்டி கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது நாலேகால். வழியெல்லாம் சித்தப்பாவிடம் பேச வேண்டியதை மனசுக்குள் தயார் செய்துகொண்டே வந்தேன். சட்டம், கம்பெனி விதி, பெண்ணின் உரிமை எல்லாம் அடங்கிய நல்ல பேச்சு. ஒரு பிளாட்பாரத்தில் கூட்டமாக இருந்தது. பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் வெள்ளை வேட்டி. காலிப் பழக்கூடையை இடுப்பில் வைத்த ஒரு அம்மாள் அவரைத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருக்கற பொம்பளய சாவக் கெடக்குதுன்னு சொன்ன வாயி, நல்லாருக்குமா அது?"

"நான் என்னாம்மா கடத்திக்கினா போறேன்? என் அண்ணம் பொண்ணும்மா!" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நிர்மலாவைத் தேடினேன். டைம் கீப்பர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"மேடம், ஸ்கூட்டியிலயா வந்தீங்க? நீங்களா ஓட்டிக்கினு வந்தீங்க?"

தன் கதையை விட அதுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. நடந்ததை அவள் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டாள். பஸ்ஸில் அவள் முன் சீட்டில், சித்தப்பா அதற்குப் பின் சீட்டில். சூளகிரி தாண்டியதும் அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. எதிர்முனையில் பேசியவருக்கு நல்ல கணீர்க் குரல். "பூவும் பழமும் வாங்கியாச்சி, பொண்ணு வருதா?" ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பூவும் பழமும்? நிர்மலாவுக்குப் புரிந்துவிட்டது. "அம்மாகிட்டப் பேசணும், போன் குடுங்க" என்று கேட்டாள். "சார்ஜ் இல்ல" என்றார் அவர். இப்போதுதானே பேசினார்?

கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். யாரிடமோ கன்னடத்தில் சில்லறை கேட்டுக்கொண்டு வந்தார். நிர்மலா கத்தவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. சாதாரணமாகப் பேசுவது போலக் கன்னடத்திலேயே சொன்னாள். "அண்ணா, இவரு சுள்ளு ஹேளி நன்ன கர்க்கொண்டு ஹோக்தா இதாரெ. ஸ்வல்ப சஹாய மாடி." பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போகிறார், கொஞ்சம் உதவி செய்யுங்கள். அவளுடைய லைன் லீடர் கர்நாடகத்து ஆனேக்கல்காரி. எட்டு மணி நேரம் பக்கத்திலேயே நின்று பழகிய பாஷை அது. தெலுங்காக இருந்தால் சித்தப்பாவுக்கு அரைகுறையாகப் புரிந்திருக்கும். கன்னடம் சுத்தமாகத் தெரியாது.

கண்டக்டர் தலையை மட்டும் அசைத்துவிட்டு முன்னால் போனார். பெண்கள் சீட்டில் இரண்டொரு வார்த்தை சொன்னார். கிருஷ்ணகிரியில் பஸ் நின்றதும், பழக்கூடை அம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பேரும் நிர்மலாவைச் சுற்றிக்கொண்டே இறங்கினார்கள். எல்லாரும் கேட்டதும், அண்ணிக்கு ஒன்றுமில்லை என்று சித்தப்பாவே ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான்.

நான் முனியப்பா அண்ணனுக்கும் மாதம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். பிறகு வாத்தியார் புத்தியில் நிர்மலாவிடம் கேட்டேன். "தபாலக்காவுக்கு வந்த பொய்க் கடிதம் நினைவுக்கு வந்துச்சா?"

அவள் யோசித்தாள். என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பாள். ஆனால் பொய் சொல்லவில்லை. "இல்லீங்க மேடம். திங்கக்கெழம டெஸ்ட்டு இருக்கே, அதுதான் நெனப்புல இருந்துது."

சித்தப்பாவை நான் நெருங்கியபோது என் பேச்செல்லாம் மறந்துவிட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நிர்மலாதான் போய் எதிரே நின்றாள்.

"ஏன் சித்தப்பா, என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவியே."

"ஆமா, சொல்லியிருப்பேன். அதுக்குப் பயந்துதானே கேக்கல?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "அவங்க வூட்டுல வாக்கு குடுத்துட்டேன்டி. இப்ப எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவேன்?" என்றார் கடைசியில். கெட்டவர் இல்லை. தன் பேச்சு செல்லும் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்த மனிதர். பழக்கூடை அம்மாளைக் கையமர்த்திவிட்டு, அவரை ஊத்தங்கரை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னலோர சீட்டைப் பிடித்துக் கொடுத்தவள் நிர்மலாதான். எல்லாரும் நம் பக்கம் நிற்கும்போது எதிராளியை இன்னும் ஒரு குத்து குத்தத் தோன்றும். அப்போது குத்தாமல் இருப்பதும் நம் வேலைதான். அந்தப் பெண் நாளைக்கும் அதே ஊருக்குத்தான் போக வேண்டும்.

மறுநாள் எச்.ஆர். அதிகாரி கூப்பிட்டார். முப்பது வயதுப் பையன், நல்லவர்தான், ஆனால் பயந்தவர். யாரோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

"மேடம், வீட்டை விட்டு ஓடுற பொண்ணுங்க கதையெல்லாம் ஹாஸ்டல்ல சொல்றீங்களாமே? அதனாலதான் பஸ்ல சீன் ஆகியிருக்கு. கம்பெனி பேர் என்ன ஆகறது? கதையை நிறுத்திடுங்க."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. ஆனால் தப்பு எங்கே நடந்ததோ அங்கே விரலை வைக்காவிட்டால் அது மறுபடி நடக்கும்.

"சார், நான் விசாரிக்காமல் அவுட்பாஸில் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு, எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பொண்ணு உதவி கேட்டது தப்பில்லை. அவங்கம்மா நல்லா இருக்காங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரிஞ்சது தெரியுமா? முந்தின நாள் போன் பண்ணிக் கதை கேட்டதால."

அவர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "இன்னும் எத்தனை வாரம் பாக்கி?" என்றார்.

"ஒரு வாரம்தான் சார்."

"சரி, முடிச்சிடுங்க."

அன்றே அவுட்பாஸ் முறையை மாற்றினோம். அழைத்துப் போக வருகிறவர் கொடுக்காத ஒரு எண்ணுக்குப் பேச வேண்டும். அந்தப் பெண்ணிடம் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, போக விருப்பமா என்று கேட்க வேண்டும். உங்கள் கையேட்டில் இருக்கும் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு வாரம் பாக்கி என்று சொல்லிவிட்டு வந்த எனக்கு வேறொரு கவலை. ஞாயிறு காலையில் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். எம்.ஏ.வில் படித்தது, மறந்தே போயிருந்தது. தபாலக்காவுக்குக் கல்யாணம். நல்ல மாப்பிள்ளைதான். மாதாகோயிலிலிருந்து வெளியே வருகிறார்கள், வண்டி நிற்கிறது. அவள் குதிரைக் கடிவாளத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்காருகிறாள். அதன்பின் அவள் வண்டி ஓட்டவே இல்லை, சந்தோஷமாக இருந்தாள் என்று கதை முடிகிறது.

இதை எப்படிச் சொல்வது? மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவர்கள் ராஜா என்று குதிரைக்குப் பேர் வைக்கவில்லையா, நான் முடிவை மாற்றினால் என்ன? அந்த யோசனையோடு ஹாலுக்குப் போனால், முதல் வரிசையில் மாதம்மா உட்கார்ந்திருந்தார். ஒல்லியாக, கறுப்பாக, மடியில் ஒரு மஞ்சள் பை. மகளை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காலையில் முதல் பஸ்ஸில் வந்தாராம். நான் கும்பிட்டேன். அவருடைய மகளை அனுப்பியவள் நான். ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"சொல்லுங்க மேடம், நேரமாவுது" என்றார் அவர்.

உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அந்த அம்மாளின் எதிரே பொய் சொல்ல வாய் வரவில்லை. முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அவ்ளோதானா? இதுக்கா நாப்பது வாரம் குந்திக்கினு கேட்டோம்?"

"அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா மேடம் மொதல்ல?"

ரோஸ்லின் கோபப்பட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "பனியில, ஆத்துல, எல்லாத்துலயும் ஓட்டினது இவ. கல்யாணத்துக்கு ஓட்டக் கூடாதா?"

எழுதியவளுக்காக நான் வாதாடினேன். அந்தக் காலத்தில் அப்படி எழுதிப் பிழைத்த பெண்கள் பலர், சிலர் கணவன் இல்லாமல் பிள்ளைகளை வளர்த்தவர்கள். கல்யாணத்தில் முடிக்காவிட்டால் பத்திரிகைக்காரர் போடமாட்டார், ஊர் பேசும், அடுத்த கதைக்குக் கேட்கமாட்டார்கள் என்றேன். பெண்கள் சமாதானமாகவில்லை.

மாதம்மா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளைங்கள வெச்சிக்கினு எழுதிச்சா அந்தம்மா?"

"ஆமாம்மா."

"அப்ப சரிதான். ஏன்டி கத்தறீங்க? நாப்பது வாரம் சொன்னதுதான்டி அந்தம்மா கதை. கடைசி வாரம் ஊருக்காவச் சொன்னது. நாம ஊருக்கு எத்தினி சொல்லிக்கினு இருக்கோம்? அது இன்னா நெசமா?"

எம்.ஏ.வில் இரண்டு வருஷம், பிறகு எத்தனையோ வருஷம் அந்த நாவல்களை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். அந்த முடிவுகள் என்னை எப்போதும் உறுத்தும். முழுக் கதையிலும் புலியாக இருந்தவள் கடைசிப் பக்கத்தில் ஏன் பூனையாகிறாள்? இப்படி ஒருவரும் எனக்கு விளக்கியதில்லை.

நிர்மலா திங்கட்கிழமை தேர்வு எழுதினாள். தேறிவிட்டாள். சித்தப்பா ஆறு மாதம் பேசாமல் இருந்து, பிறகு பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்தாராம். நான் இரண்டாவது நாவலை ஆரம்பித்தேன், எச்.ஆர். அதிகாரியிடம் சொல்லாமல்தான். ஞாயிறு மதியம் வேலை இருப்பது போல அவர் இரண்டு தரம் ஹால் வாசலில் வந்து நின்றதை நானும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

ஓய்வு பெறுவதற்கு முன் ஆடிட்டுக்கு வந்தார்கள். பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு வந்த அதிகாரி ஒரு பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பெயர் மாதம்மா, ஊர் கல்லாவி. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, தவறாமல். வந்த காரணம் என்ற கட்டத்தில், முனியப்பா அண்ணனின் கோணல் கையெழுத்தில், எல்லா வரியிலும் ஒரே பதில்: கதை கேட்க.

"இதென்ன மேடம்?" என்றார்.

"அவங்க சொன்னதை அவர் எழுதியிருக்கார் சார்" என்றேன்.

அவர் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.